பாட்டுக்காரருக்குக் கொடுத்த பால்

ஒரு பாட்டுக் குழுவை ஊர் கொண்டாடுவதற்கு முன்பே நாம் கண்டுபிடித்துவிட்டோம் என்ற கர்வம் இருக்கிறதே, அதற்கு ஈடு வேறெதுவும் கிடையாது. என் வயதுக்காரர்கள் சிலருக்காவது அது வாய்த்திருக்கும். "அவரா? மைக் இல்லாமல் கட்டில் மேல் நின்று பாடின காலத்திலேயே எனக்குத் தெரியுமே" என்று சொல்லிவிட்டு எதிராளியின் முகம் போகிற போக்கைப் பார்க்கிற சுகம் அது. எனக்கு அந்தச் சுகத்தைப் பதினோரு வயதில் பழக்கிவிட்டவள் என் அத்தை, அப்பாவின் தங்கை. எழுபதுகளின் கடைசி அது. அந்த ஒரு கோயில் பண்டிகைக் காலத்தை, எங்கள் பேச்சில் நோம்பிக் காலத்தை, நினைக்காமல் இருக்கத்தான் இத்தனை வருடமும் பார்த்தேன். முடியவில்லை. உங்களிடமாவது சொல்லித் தொலைத்துவிடுகிறேன்.

அத்தைக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து திரும்பி வந்து எங்கள் வீட்டில் இருந்தாள். மாமா கைநீட்டுகிறவர். சோறு குழைந்துவிட்டது என்று ஒருநாள் அறைந்த அறையில் அத்தையின் இடது காது போயிற்று. கட்டின சேலையோடு பஸ் ஏறி வந்து நின்றவளைப் பார்த்து அப்பா வாசலிலேயே சொன்னார்: "நான் உசுரோட இருக்கற வரைக்கும் உன்னை அந்த ஊட்டுக்கு அனுப்ப மாட்டேன் புள்ள. இது உன்ற ஊடு." அந்தச் சொல்லை நம்பித்தான் அத்தை சாப்பிட்டாள், தூங்கினாள், சிரித்தாள். அந்தச் சொல் இல்லாவிட்டால் அவளுக்குப் போக்கிடம் மாமா வீடுதான். அது வீட்டில் எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

காது போனதை அவள் ஒரு குறையாகவே பேசமாட்டாள். கச்சேரியில் மேடைக்கு இடது ஓரமாகப் போய்ச் சாக்கை விரித்து உட்கார்ந்து, வலது காதை மேடைப் பக்கம் கொடுப்பாள். பிடிக்காத பாட்டு வந்தால் முகத்தைத் திருப்பி இடது காதைக் கொடுத்துவிடுவாள்.

"இருக்கறது ஒத்தைக் காது சாமி. அதுல கண்டவன் பாட்டையும் உடுவனா?" என்பாள்.

மாசி தொடங்கி வைகாசி வரைக்கும் எங்கள் பக்கம் நோம்பி ஓயாது. இந்த வாரம் ஓர் ஊரில் மாரியம்மன் பண்டிகை என்றால் அடுத்த வாரம் பக்கத்து ஊரில். எங்களுக்கோ திரும்பின பக்கமெல்லாம் ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர்கள். அழைத்தால் போகாமல் இருக்கக் கூடாது. அத்தை இந்த மரியாதையை நன்றாகப் பிடித்துக்கொண்டாள். டீக்கடைச் சுவரில் ரோஸ் காகிதத்தில் நோம்பி நோட்டீஸ் ஒட்டியிருந்தால், பொங்கலையும் மாவிளக்கையும் தாண்டிக் கடைசி வரிக்குப் போய்விடுவாள். அங்கேதான் இன்னிசைக் கச்சேரி என்று போட்டுக் குழுவின் பெயர் இருக்கும். கேள்விப்படாத பெயராக இருந்தால் அவளுக்குக் கண் விரியும். அந்த ஊரில் நமக்கு யார் இருக்கிறார்கள் என்று யோசிப்பாள். யாராவது இருப்பார்கள். உடனே அப்பாவிடம் என்னையும் சேர்த்துக் கேட்பாள்.

"ஏனுங்கண்ணா, பெரியம்மா ஊட்டு நோம்பிக்குப் போகலீன்னா சங்கடப்படுவாங்க. பாப்பாளைக் கூட்டிட்டுப் போய்ட்டு விடிஞ்சதும் வந்தர்றேனுங்க."

"பெரியம்மா மேல திடீர்னு என்ன பாசம்? எந்தச் செட்டுக் கச்சேரின்னு சொல்லு" என்பார் அப்பா. அவருக்குச் சிரிப்பு வரும். அந்த நாளில் அப்பா நல்ல அப்பாவாகத்தான் இருந்தார்.

சேலத்திலிருந்து வேனில் வந்து இறங்கும் பெரிய குழுக்கள் அத்தைக்கு ஆகாது. ஒரே நிறச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, அறிவிப்பாளருக்கு ஒரு தனி மைக். "அவனுகளுக்கு நாம கை தட்டாட்டி ஒண்ணும் குடி முழுகிப் போயராது. யாரும் போகாத செட்டைத்தான் போய்ப் பார்க்கோணும்" என்பாள். அப்படிப் போய் எத்தனையோ தண்டத்தைக் கேட்டிருக்கிறோம். ஒரு குழுவின் பாடகர் தாயைத் தேடும் கன்றுக்குட்டி மாதிரிக் கத்தினார். இன்னொன்றில் தபலாக்காரர் ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் தன் மனைவி கைதட்டுகிறாளா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அத்தை அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிடுவாள்: "தேறாது சாமி. எந்திரி, போலாம்." சாக்கை உதறும்போது வேர்க்கடலைத் தோல் பறக்கும். ஜெனரேட்டர் புகையின் நாற்றமும், ட்யூப்லைட்டில் முட்டிக் கருகின பூச்சிகளின் வாடையும் எனக்கு இன்றைக்கும் மூக்கிலேயே இருக்கின்றன.

புதுச்சத்திரத்துக்கு உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊரில்தான் அந்தக் குழு எங்களுக்குக் கிடைத்தது. இரண்டு கயிற்றுக் கட்டில்களைச் சேர்த்துப் போட்டு, மேலே பலகை அடுக்கி மேடை. வெண்ணந்தூர்ப் பக்கத்துத் தறிக்காரர்கள் நான்கு பேர். ஆர்மோனியம் ஒருவர், தபலா ஒருவர், கிதார் ஒருவர், பாட்டுக்காரர் ஒருவர். பெண் குரலுக்கு ஆள் கிடையாது. எந்தப் பெண்ணை இவர்களோடு யார் அனுப்புவார்கள்? பாட்டுக்காரரே இரண்டு குரலிலும் பாடினார். ஆண் பாடும் வரிக்கு மைக்கின் இந்தப் பக்கம் நிற்பார், பெண் பாடும் வரி வந்தால் அந்தப் பக்கம் போய் நின்றுகொள்வார். மெலிந்த உடம்பு, இருபத்து நான்கு வயது இருக்கும். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன்.

மூன்றாவது பாட்டில் மைக் செத்துவிட்டது. மைக் செட்டுக்காரர் வயரைத் தட்டினார், உள்ளே ஊதினார், சாமியைத் திட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. பாட்டுக்காரர் மேடையை விட்டு இறங்கிக் கூட்டத்துக்கு நடுவே வந்து நின்றார். அங்கே நின்று, ஒரு தாலாட்டைப் பெண் குரலில் பாடினார். மெல்லிய குரல்தான். ஆனால் கடைசியில் மாட்டுவண்டி மேல் உட்கார்ந்திருந்தவர்கள் வரைக்கும் போயிற்று. யாரும் சிரிக்கவில்லை. பொரிகடலை மென்றுகொண்டிருந்த வாய்கள்கூட நின்றுவிட்டன. அத்தை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். மறுநாள் பார்த்தால் அங்கே கன்றிப்போயிருந்தது.

"சாமி, இவரைக் கண்டுபுடிச்சது நாமதான். மறந்தராதே" என்றாள்.

கச்சேரிக்காரர்களுக்குச் சாப்பாடு அந்த ஊரில் இருந்த அத்தையின் பெரியம்மா வீட்டில். பாட்டுக்காரர் சோற்றைத் தொடவில்லை, தொண்டையைத் தடவிக்கொண்டே இருந்தார். அத்தை அடுப்படிக்குப் போய்ப் பாலில் மிளகும் மஞ்சளும் தட்டிப் போட்டுப் பனங்கற்கண்டு கரைத்து, எங்கள் தூக்குப் போசியில் ஊற்றிக் கொண்டுவந்தாள். பித்தளைப் போசி, மூடியில் சங்கிலி. மூடியைப் பிடித்துக்கொண்டு நான் கூடவே நின்றேன்.

"குடிங்க தம்பி, தொண்டைக்கு நல்லது."

"ஏனுங்கக்கா, பாட்டு எப்படிங்க இருந்துச்சு?"

"நெசத்தைச் சொல்லோணுமா, ஒப்புக்குச் சொல்லோணுமா?"

"நெசத்தையே சொல்லுங்க."

"நெசம்னா, பொம்பளைக் குரல்ல மூச்சுப் பத்தலைங்க தம்பி. வரிக்கு நடுவுல திருட்டு மூச்சு வாங்கறீங்க."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "இத்தனை நாள்ல இதை ஒருத்தரும் கண்டுபுடிக்கலீங்க அக்கா" என்றார். பாருங்கள், மூச்சுப் பத்தவில்லை என்பதை முதல் நாளே கேட்ட காது அத்தையுடையது. கேட்டு என்ன? பயிற்சி போதவில்லை என்று அவளும் நினைத்தாள், அவரும் நினைத்தார்.

அதற்குப் பிறகு அந்தக் குழு போகும் ஊருக்கெல்லாம் போனோம். பகலில்கூட விடவில்லை. அவர்கள் வேலை செய்யும் தறிக் கொட்டகை எங்கள் ஊரிலிருந்து நடந்து போகிற தூரந்தான். தறி ஓடும்போது அங்கே ஆள் பேசுவது ஆளுக்குக் கேட்காது, கையைக் காட்டித்தான் பேசுவார்கள். ஆனால் தினமும் மத்தியானம் கரண்ட் போகும். சொல்லி வைத்த மாதிரிப் போகும். எல்லாத் தறியும் ஒன்றாக நின்றதும் காது அடைத்துக்கொள்வது போல் ஓர் அமைதி வரும். அந்த அமைதியில்தான் அவர்கள் ஒத்திகை பார்ப்பார்கள். முதலாளிக்குக் கரண்ட் போனால் வயிறு எரியும், எங்களுக்குக் கொண்டாட்டம். அத்தை வேலைகளை அரக்கப் பரக்க முடித்துவிட்டு, போசியில் பாலோடு என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

அந்தக் கொட்டகைக்குள் ஜன்னல் என்று பேருக்கு ஒன்று. பஞ்சு எங்கும் மிதக்கும். பாட்டுக்காரரின் தலைமுடி, புருவம், கண் இமை எல்லாம் வெள்ளைப் பஞ்சு அப்பியிருக்கும். பாடி முடித்து இருமினால் உள்ளங்கையில் துப்பிச் சுவரில் தேய்த்துவிடுவார். பாலைக் குடித்துவிட்டு அத்தையிடம் மார்க் வாங்கக் காத்திருக்கும் பள்ளிக்கூடப் பையன் மாதிரி நிற்பார். அவளும் விடமாட்டாள். இந்த இடத்தில் அவசரம், அந்த இடத்தில் குழைவு போதாது என்று பிட்டுப் பிட்டு வைப்பாள். ஆர்மோனியக்காரர் கேலி செய்வார்: "அக்காளை ஒரு நாளைக்கு மேடை ஏத்திப் போடலாம்ப்பா." அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அந்தச் சிரிப்பை எங்கள் வீட்டில்கூட நான் பார்த்ததில்லை.

பங்குனி முடிவதற்குள் குழுவுக்குப் பேர் வந்துவிட்டது. நோட்டீஸில் கடைசி வரியிலிருந்து மேலே ஏறினார்கள், எழுத்தும் பெரிதாயிற்று. ஆண் குரலும் பெண் குரலும் ஒருவரே என்று தனியாகப் போட்டார்கள். கூட்டம் கூடக் கூட, எங்களுக்கு முன்னால் சாக்கை விரிக்க ஆள் வந்துவிட்டது. அத்தைக்குக் கொஞ்சம் பொறாமைகூட. "நேத்து வந்தவளுக எல்லாம் முன்னாடி உக்காந்துக்கறாளுக பாரு" என்பாள். ஆனால் பாட்டுக்காரர் மேடையிலிருந்து இடது ஓரத்தைத் தேடிப் பார்த்து ஒரு தலையசைப்பு அசைத்த பிறகுதான் முதல் பாட்டைத் தொடங்குவார். அந்தத் தலையசைப்பை மற்றவர்களும் கவனித்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

சித்திரையில் குரல் கம்ம ஆரம்பித்தது. முதலில் பெண் குரல் போயிற்று, பிறகு ஆண் குரலும் கரகரத்தது. தொண்டைக் கட்டு, வெயில், ஓயாத கச்சேரி என்றார்கள். அத்தை மிளகை இன்னும் கொஞ்சம் கூட்டினாள். ஜலகண்டாபுரத்தில் பெரிய நோம்பி, அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு முன்னால் அவர்கள் பாடுவது அதுதான் முதல் தடவை. அங்கே எங்களுக்குச் சொந்தம் யாருமில்லை. அத்தை கெஞ்சின கெஞ்சலில் அப்பாவே எங்களோடு பஸ் ஏறி வந்தார்.

பொழுது சாய்ந்து விளக்குப் போட்டதும் தொடங்கினார்கள். அவர் இடது ஓரத்தைப் பார்த்துத் தலையசைத்தார், வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. மறுபடியும் திறந்தார். காய்ந்த கீற்றை இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். ஆர்மோனியக்காரர் சுருதியைக் குறைத்துப் பார்த்தார். கூட்டம் கொஞ்ச நேரம் பொறுத்தது, அப்புறம் ஊளையிட்டது. மேடை மேல் ஒரு செருப்பு வந்து விழுந்தது. அவர் அதைக் குனிந்து எடுத்து, யாருடையது என்று தேடுகிறவர் போலக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அத்தை எழுந்து, "பாவிகளா, ஒடம்பு சரியில்லாத ஆளுடா" என்று கத்தினாள். அத்தனை பேரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அப்பா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார். அவருக்கு முகம் கறுத்துப்போயிருந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். பாடுகிறவனுக்குக் குரல் போனால் அது தானாகப் போவதில்லை, யாரோ பாலில் செந்தூரம் கலந்து கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள் என்பார்கள். அதைப் பேசாத வாய் இல்லை. முதலில் சேலத்துக் குழு மேல் சொன்னார்கள். பாட்டுக்காரரின் அம்மாவுக்கு மகனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகத் தோன்றவில்லை. ஆத்தூர்ப் பக்கம் மருந்து எடுக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். வயிற்றில் யாராவது வைத்த மருந்தைக் குழல் வைத்து உறிஞ்சி எடுப்பாள் என்று பேர். அங்கே கூட்டிக்கொண்டு போனார்கள். அவள் கேட்ட முதல் கேள்வி, யார் கையால் வெள்ளையாக அடிக்கடி குடித்தாய் என்பது. அவர் என்ன சொல்வார்? உள்ளதைச் சைகையில் சொல்லியிருக்கிறார்.

ஒரு மத்தியானம் பாட்டுக்காரரின் அம்மா எங்கள் வாசலுக்கு வந்தார். கையில் மடித்த வெற்றிலை. பிரித்துக் கீழே வைத்தார். உள்ளே சுண்டுவிரல் நகத்தளவுக்குச் சிவப்பாக, ஈரமாக ஏதோ இருந்தது. நான் கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன். அது குங்குமத்தில் நனைத்த பஞ்சு. தறிக் கொட்டகையில் வாரிக் கொட்டுகிற பஞ்சு. இப்போது யோசித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அன்றைக்கு அது பஞ்சு என்று சொல்ல எனக்கும் தோன்றவில்லை.

"என்ற பையன் வயித்துல இருந்து எடுத்ததுங்க இது. உங்க தங்கச்சி குடுத்த பாலுங்க. புருசனை உட்டுட்டு வந்தவ எம்பையனை மயக்கப் பார்த்தா. மசியலீன்னதும் கொரலைத் தின்னுட்டா."

அப்பா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் அம்மா என்னை உள்ளே இழுத்தாள். நான் திமிறிக்கொண்டு கத்தினேன்: "பொய்யி! பாலுல மெளகும் மஞ்சளும் கல்கண்டும்தான் இருந்துச்சு. நான்தான் மூடியைப் புடிச்சுட்டு நின்னேன், நான் பார்த்தேன்!"

"சும்மா இரு. சின்னப் புள்ளை, உனக்கென்ன தெரியும்?" என்றார் அப்பா.

அத்தை படியிறங்கி வந்தாள். குரல் நடுங்கவே இல்லை. "அம்மா, மாரியம்மன் கோயிலுக்கு வாங்க. ஊரைக் கூட்டுங்க. சூடம் பத்த வெச்சு, கையால அடிச்சு அணைச்சுச் சத்தியம் பண்றேன். நான் பண்ணியிருந்தா ஆத்தா என்னை உடமாட்டா."

சூடம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் எங்கள் ஊரில் அதற்கு மேல் பேச்சில்லை. பெரிய பெரிய வழக்கெல்லாம் அந்தச் சூடத்தோடு முடிந்திருக்கிறது. அந்த அம்மாவும் சரி என்று தலையசைத்தார். அத்தை தப்பித்திருப்பாள். ஆனால் அப்பா விடவில்லை.

"என்ற ஊட்டுப் பொம்பளை கோயில் வாசல்ல ஊருக்கு முன்னால நின்னு சூடம் அணைக்கறதா? நம்ம வம்சத்துல இதுவரைக்கும் ஒருத்தர் செஞ்சதில்லை. சத்தியம் கேக்கற அளவுக்கு நம்ம நாணயம் போயிருச்சா? உள்ள போ புள்ள."

"அண்ணா, நானே கேக்கறேனுங்க. என்னை உடுங்க."

"உள்ள போன்னு சொன்னேன்."

அவர் நினைத்தது என்னவோ தங்கையின் மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்றுதான். ஊர் நினைத்தது வேறு. சூடம் அணைக்கப் பயந்துவிட்டாள் என்று அன்று பொழுது சாய்வதற்குள்ளேயே எல்லா வீட்டிலும் பேச்சாகிவிட்டது. ரோசம் பெரிதா தங்கை பெரிதா என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். கவுரவம் என்கிற எழவு இருக்கிறதே, எங்கள் பக்கம் அது பிடித்து அழிந்த பெண்களைச் சொல்லி மாளாது.

வைகாசியில் ஒருநாள் காலை பாட்டுக்காரரே வந்தார். ஆர்மோனியக்காரர் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டி வந்தார். சட்டை தோளில் தொங்கியது, கண் உள்ளே போயிருந்தது. வேலைக்குப் போகிறவர்கள், தண்ணீருக்கு நிற்கிறவர்கள், எல்லாரும் எங்கள் வாசலில் கூடிவிட்டார்கள். அவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அத்தையை நோக்கிக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு கட்டைவிரலை வாய்க்கு நேரே சாய்த்துக் காட்டினார்.

"உங்க கையால பால் குடிக்கோணும்ங்கறான் அக்கா. ஊரு பார்க்கட்டும்ங்கறான். என்ன சொன்னாலும் கேக்கல, கெளம்பிட்டான்" என்றார் ஆர்மோனியக்காரர். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

அத்தை ஓடினாள். மிளகைத் தட்டுகிற சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. அதே போசி, அதே மூடி, மூடியைப் பிடித்துக்கொண்டு நான். அவள் முகத்தைப் பார்த்தேன், எல்லாம் சரியாகிவிட்டது என்கிற முகம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. வாய் பேச முடியாதவர் தன்னால் முடிந்த ஒரே வழியில் அவளைக் காப்பாற்ற வந்திருந்தார்.

வாங்கி, அண்ணாந்து, ஒரு வாய் குடித்தார். அது உள்ளே இறங்கவில்லை. அவர் உடம்பு முழுக்க ஒரு தூக்கு தூக்கியது. பால் மூக்கு வழியாக வந்தது. இருமி இருமி மண்ணில் மண்டியிட்டார். பாலோடு ரத்தமும் கோடு கோடாக விழுந்தது. போசி உருண்டு மூடிச் சங்கிலி அறுந்தது.

அப்புறம் கூட்டத்தில் ஒரு பெண் சொன்னாள்: "பார்த்தீங்களா? வெச்சவ கையாலேயே மறுபடியும் குடுத்தா ஒடம்பு ஏத்துக்குமா?"

அவர் மண்டியிட்டபடியே இல்லை இல்லை என்று கையை ஆட்டினார். அதை யார் பார்த்தார்கள்? எல்லாரும் அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. களை எடுக்க வருகிறவர்கள் அம்மா கொடுக்கும் மோரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வரும்போதே சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். நோம்பிக்கு அழைக்க ஒரு சொந்தமும் வரவில்லை. அம்மா தினமும் அழுதாள். அப்பா ஆனி பிறக்கிறவரைக்கும் தாக்குப்பிடித்தார். பிறகு மாமாவுக்கு ஆள் அனுப்பினார். வாசலில் வைத்துச் சொன்ன சொல்லை அவர் மறுபடி எடுக்கவே இல்லை. அத்தையும் ஞாபகப்படுத்தவில்லை.

மாமா வந்தார். புது வேட்டி கட்டியிருந்தார். எங்கள் வீட்டில் தண்ணீர் வேண்டாம் என்றார். அத்தை துணிப்பையோடு வெளியே வந்து என் தலையில் கை வைத்து, "வாரேன் சாமி" என்றாள். மாமாவின் வலது பக்கமாக நடந்து போனாள். பேசுவது கேட்காத காது அவர் பக்கம் இருக்கட்டும் என்றுதான் என்று நினைக்கிறேன்.

ஆவணியில் ஆர்மோனியக்காரர் வந்து வாசலில் நின்றபடியே சொன்னார். அவரே பிடிவாதமாகப் பாட்டுக்காரரைச் சேலம் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறார். தொண்டையில் டிபி. நெஞ்சிலிருந்து ஏறித் தொண்டைக்கு வந்துவிட்டது. குரல் கம்மும்போதே வந்திருந்தால் மாத்திரையும் ஊசியும் போதும், காசுகூட வேண்டாம் என்று டாக்டர் கோபித்துக்கொண்டாராம். பாட்டுக்காரர் ஆடிக் கடைசியில் செத்துப்போனார். பஞ்சுக் கொட்டகையில் அவர் இடத்தில் வேறு ஆள் வந்துவிட்டார்.

அப்பா கேட்டுவிட்டு உள்ளே திரும்பினார். "அப்ப அத்தையைக் கூட்டிட்டு வந்தர்லாமாப்பா?" என்று நான் கேட்டேன்.

"கொண்டுபோய் உட்ட பொண்ணை எந்த மூஞ்சிய வெச்சுட்டுத் திருப்பிக் கூப்படறது?" என்றார். டிபி என்ற சொல்லை அவர் ஊரில் யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. ஊர் இன்றைக்கும் செந்தூரம் என்றுதான் சொல்லும். போசியைச் சங்கிலி அறுந்ததோடு பரணில் போட்டார்கள், வீட்டை இடித்துக் கட்டும்போது காணாமல் போயிற்று. அந்தக் குரலை யாரும் எதிலும் பதிந்து வைக்கவும் இல்லை. இருந்தது என்பதற்கு என் ஞாபகத்தைத் தவிர ஒரு சாட்சியும் கிடையாது.

அத்தை நாற்பது வருடத்துக்கு மேல் அந்த வீட்டிலேயே இருந்தாள். மற்ற காதும் அங்கேயேதான் போயிற்று. எப்படிப் போயிற்று என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மாமா போன பிறகு, குழந்தை குட்டி இல்லாதவளை நான் என் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். எங்கள் தெருக் கோயிலில் நோம்பிக்குக் கச்சேரி நடக்கும்போது ஜன்னல் அதிரும். அவள் கூரையைப் பார்த்துப் படுத்திருப்பாள். ஒரு தடவைகூட யார் பாடுகிறார்கள் என்று கேட்டதில்லை.

அத்தை கண்ணை மூடுகிறதுக்கு முந்தின வாரம், நான் பால் ஆற்றிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். குடிக்காமல் டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். காது கேட்காதவர்கள் பேசுகிற மாதிரி உரக்கக் கேட்டாள்:

"ஏஞ்சாமி, அந்தப் பாலுல எனக்குத் தெரியாம ஏதாச்சும் உழுந்திருக்குமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருடமாக ஊர் சொன்னதை அவள் நம்பவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். சொன்னால் கேட்காது. அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினேன். என்னைக் காட்டி, கண்ணைக் காட்டி, மூடியைப் பிடித்துக்கொண்டு நின்ற மாதிரிக் கையை வைத்துக் காட்டினேன். நான் பார்த்தேன் அத்தை, நான்தானே பக்கத்தில் நின்றேன் என்று வாயசைத்து வாயசைத்துச் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன்.

அவள் என் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"நீ சின்னப் புள்ளை சாமி. உனக்கென்ன தெரியும்?" என்றாள்.

எனக்கு அப்போது ஐம்பத்தாறு வயது.